பழம்பூங்காவில் கமலவேணி துயின்ற பிற்பகல்

கீழைக்கடல் அலையடங்கிக் காய்ச்சிய ஈயமெனக் கனன்று கிடக்க, நேர்கோடுகளாய் நீண்ட தெருக்களில் நிழல்கள் தத்தம் சுவரடியிலேயே ஒடுங்கி நிற்க, வேனிற் பிற்பகலின் வெம்மை புதுச்சேரி நகரை அழுத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், கற்றுணர்ந்த அன்பரே, அந்நகரின் பழம்பூங்கா ஒன்றனுள் நாமும் நுழைவோமாக. முன்னொரு காலத்தில் பிரெஞ்சுச் செல்வர் ஒருவர் தம் வளமனையைச் சூழ, கடல்கடந்த நாடுகளின் கன்றுகளை வருவித்து நட்டு வளர்த்த இடம் அது. வளமனை இடிந்து, அவர் வழியினர் அகன்று, நிலம் ஊர்ப்பொதுவாகிய பின்னும், மரங்கள் மட்டும் யார்க்கென்று கேளாமல் நிழல் விரித்துக்கொண்டிருந்தன.

அந்நிழலை நாடி வந்தோர் இருவர். வைத்திக்குப்பத்து மீனவன் முத்துவேல் ஒருவன். அவன் மனைவியும் மீன் விற்பவளுமாகிய கமலவேணி மற்றொருத்தி. சிறுநீரகங்கள் செயலற்றுப் போனமையால், கிழமைதோறும் பன்முறை அந்நகரின் கதிர்காமத்து மருத்துவமனைக்குச் சென்று பொறியின் வழியே குருதியைத் தூய்மை செய்துகொண்டால் அன்றி அவனுக்கு உயிர்வாழ்க்கை இல்லை. விடியுமுன் எழுந்து மீன் எடுத்து, விற்று, உலைவைத்து, கணவனைக் கைத்தாங்கலாக அழைத்துச்சென்று, அவன் மீளுமளவும் தரையில் அமர்ந்து காத்திருந்து, மீண்டும் விடியுமுன் எழுகின்ற வாழ்வு அவளுடையது. முத்துவேலின் தம்பி சக்கரபாணி, புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவன், தானும் உடன்வருவதாகப் பலமுறை கேட்டும், அது தன் கடனே என்று அவள் மறுத்துவிட்டாள். அன்று மருத்துவமனைக்குச் செல்ல அவர்கள் ஏறிய பேருந்து வழியிலேயே பழுதுற்று நிற்க, அடுத்தது வருமளவும் வெயில் தாங்காது பூங்காவினுள் புகுந்தனர். இத்தனை ஆண்டுகள் அதே ஊரில் வாழ்ந்தும் இருவரும் அதனுள் அடிவைத்தது அன்றே முதன்முறை.

கல்லிருக்கையில் அமர்ந்த கமலவேணி, பெயரறியாத பெருமரமொன்றை அண்ணாந்து நோக்கியவாறே, கயிறறுந்த படகு நீரோட்டத்தில் நழுவுவதுபோலத் துயிலுள் நழுவினாள். சற்றைக்கெல்லாம் வெளியே பேருந்தின் ஒலி கேட்டது. எழுப்புவதற்கு நீட்டிய கையை முத்துவேல் பாதியிலே நிறுத்திக்கொண்டான். வாய் சற்றே திறந்து, நெற்றிச் சுருக்கங்கள் நெகிழ்ந்து கிடந்த அம்முகத்தை அவன் நெடுங்காலமாகக் கண்டதில்லை. பேருந்து சென்றது, அடுத்ததும் சென்றது. இருக்கையின் மேல் வெயில் நகர்ந்து வரவே, வீங்கிய கால்களோடு மெல்ல எழுந்து, தன் உடல் அவளுக்கு மறைவாகுமாறு நின்றான். அவளுக்காகத்தான் நிற்கின்றேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஆயினும் இனி அப்பொறியிடம் போகாமலே இருந்துவிட்டால் என்னவென்னும் எண்ணமும், அழையாமலே வந்து அவனருகே நின்றது.

வெயில் சாய்ந்தபோது விழித்தவள், பொழுதைக் கண்டு நடுங்கினாள்.

“ஏன்யா எழுப்பல? நம்ம மொறையே தாண்டிப்போச்சே.”

“அசந்து தூங்குன. எழுப்ப மனசு வரல.”

“அது மட்டுந்தானா?”

முத்துவேல் மரத்தின் அடியையே பார்த்தான். பிறகு மறைக்காமல் சொன்னான்: “இல்ல வேணி. எனக்கும் முடியல. நான் இல்லன்னா நீயாச்சும் நல்லாத் தூங்குவன்னு தோணிச்சு.”

அவள் அழவில்லை, அழுதற்கும் வலிமை வேண்டும். அவன் கையைப் பற்றி அருகே அமர்த்தினாள். “எனக்குத் தூக்கம் வேணும்னா யாரயாவது கேட்டு வாங்கிக்கிறேன்யா,” என்றாள். “அதுக்கு நீ சாவ வேணாம்.”

பின்னர்க் கைப்பேசியை எடுத்துச் சக்கரபாணியை அழைத்தாள். இத்தனை நாளும் அவள் நாவில் வாராதிருந்த சொல் அப்போது வந்தது: “தம்பி, என்னால முடியல. நீ வந்து ஒங்கண்ணன இட்டுக்கினு போ.”

வேலையை இடையில் விட்டு விரைந்து வந்த அவன், ஏன் என்றொரு சொல்லும் கேளாமல், தமையனை ஈருருளியில் ஏற்றிக்கொண்டான். காலந்தாழ்த்தியமைக்காகச் செவிலி கடிந்துகொண்டாளாயினும், அன்றைய இறுதி முறையில் இடம் அளித்தாள். கமலவேணி தனியே வீடு சேர்ந்து, உலைவையாமல், பாயை விரித்துப் படுத்தாள். அந்நாள்முதல் முறைகளில் பாதிக்குச் சக்கரபாணியே தமையனை அழைத்துச் சென்றான்.

முத்துவேல் அதன்பின் இரண்டு கார்காலங்கள் வாழ்ந்து, ஒரு காலையில் மனைவியும் தம்பியும் அருகிருக்க அமைதியாய் அடங்கினான். அவனைக் காப்பாற்றி வைத்தது மருத்துவம் என்பர் சிலர். மனைவியின் பொறுமை என்பர் சிலர். பேணுவோரின் பொறுமையை ஊர் எளிதாகப் புகழ்கின்றது. அவர்கள் களைப்பைக் கேட்பதற்கோ அதற்கு நேரமில்லை. ஆதலின், அன்பரே, முடியவில்லை என்று ஒருவர் வாய்திறந்து சொல்லும்போது அதனை அன்பின் குறைவென்று கொள்ளற்க. அன்பு இன்னும் சிலநாள் நடப்பதற்காகச் சற்றே அமர இடம் கேட்கின்றது.