மணம் வரும்வரை வறுத்தது

அன்று பிற்பகல் அந்த ஸ்ட்ரெதம் வீட்டில் இருந்தவர்கள்: கீர்த்தனன், வயது நாற்பத்தொன்று, அங்கே வாடகைக்கு இருப்பவன். அவன் மனைவி யசோதினி, ஏப்ரல் மாதத்திலிருந்து லூயிஷாமில் தமையன் வீட்டில் தங்கியிருப்பவள். அந்தத் தமையன் இராசரத்தினம், வயரிங் வேலைக்காரர், வான் ஓட்டிக்கொண்டு வந்தவர். இவர்களைத் தவிரக் குளிர்பெட்டிக்குள் ஆறு போத்தல் பியர். அலுமாரிக்குள் இன்னும் முப்பத்தெட்டு.

இராசரத்தினத்தைப் பாதி ஆளாகத்தான் சேர்க்கலாம். வானைக் கீழே கடைவாசலில், வண்டி நிறுத்தக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் விட்டிருந்தார். படியேறி வந்ததிலிருந்து யன்னலடியை விட்டு அவர் அசையவில்லை.

"தங்கச்சி, கெதியா எடு. வோடன் வந்தானெண்டா பைன் அடிச்சுப்போடுவான்."

"தையல் மெசின் மட்டும்தான் அண்ணை. மிச்சம் வேண்டாம்."

மிச்சம் வேண்டாம் என்றது கீர்த்தனனுக்கு நல்ல சகுனமாகப் பட்டது. பொருட்களை விட்டுவிட்டுப் போகிறவள் திரும்பி வரக்கூடியவள் என்று நினைத்தான். முட்டாள்தனமான நினைப்புத்தான். மூன்று கிழமைக்கு மேலாக அவன் இப்படியான நினைப்புகளைத் தின்றுதான் சீவித்திருந்தான். தொலைபேசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயிறு வாறன். கதைச்சு ஒரு முடிவு எடுப்பம்." திரும்பி வருவதா, ஒரேயடியாகப் போவதா என்பதே முடிவு. ஒரு கிளாஸ் குடித்து முடிக்கும் நேரம் அவள் இருந்தால் போதும், வாய் திறந்து கேட்டுவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். பியர் அதற்காகத்தான்.

ஏழு வருடம் அவன் மோர்டன் பக்கம் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தான். காலை ஏழேகாலுக்கு வீட்டுக்கு வருவான். ஏழரைக்கு அவள் முதியோர் இல்லத்து வேலைக்குப் போவாள். அவள் திரும்பி வரும்போது அவன் வேலைக்குப் போயிருப்பான். நாளுக்குக் கால் மணித்தியாலம். அதிலும் பாதியை அவன் குளியலறையில் கழித்தான். இந்த ஜனவரியில் இரவு வேலையை விட்டான். உமக்காகத்தான் விட்டனான் என்று அவளிடம் சொன்னான். இரவில் விழித்திருந்த ஆளோடு ஏழு வருடம் இருந்தவளுக்கு, பகலில் சோபாவில் கிடந்த ஆளோடு மூன்று மாதம் இருக்க முடியவில்லை.

இடையில் ஒரே ஒரு நாள், ஒரு வங்கி விடுமுறையில், இரண்டு பேருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைத்தது. நடந்து போய் ஒரு பப்பில் இருந்தார்கள். அவன் எடுத்த பேல் ஏல் என்ற பியரில் அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "தோடம்பழத் தோலைக் கிள்ளின மாதிரி மணக்குது, நல்லாயிருக்கு" என்றாள். பிறகு முழுவதையும் அவளே குடித்தாள். நல்லாயிருக்கு என்று அவள் வாயால் சொல்லி அவன் கேட்டவை நாலோ ஐந்தோதான். அவற்றில் இது ஒன்றைத்தான் இப்போது கையால் செய்து பார்க்க முடியும். அதே பியரைக் கடையில் வாங்கியும் வைத்திருக்கலாம். வாங்கி வைக்கிறவனாக ஏழு வருடம் இருந்தாயிற்று.

வீட்டில் பியர் செய்வதற்கான வாளி, குழாய், முளைவிட்ட பார்லியின் மோல்ட் பாகு, ஈஸ்ட், ஹொப் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. ஹொப் என்பது ஒரு பூ. பியருக்குக் கசப்பும் வாசமும் அதுதான். அதை அரைத்து, கோழித்தீன் போல அழுத்தி, பச்சை உருண்டைகளாக அனுப்பியிருந்தார்கள். பையைத் திறந்தபோது எலுமிச்சையும் தோடையும் முகத்தில் அடித்தன. கூட வந்த கடதாசியில் இருந்தபடி எல்லாவற்றையும் செய்தான். போத்தலில் அடைத்தபின் இரண்டு கிழமை திறக்கக்கூடாது என்று போட்டிருந்தது. இரண்டு கிழமை இந்த ஞாயிறோடு முடிந்தது.

"இரும். ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போகலாம்" என்றான். "அத்தான், நீங்களும்."

யசோதினி கதிரையின் நுனியில் இருந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

போத்தல் நன்றாகத்தான் சீறியது. ஊற்றியபோது பொன்னிறத்துக்குப் பதிலாக மண்ணிறம் வந்தது. இராசரத்தினம் நின்றபடியே ஒரு வாய் குடித்தார். விழுங்குவதற்குச் சற்று நேரம் எடுத்தார்.

"பிரான்சில பதினாலு வருசம் இருந்தனான் மச்சான். கண்டதெல்லாம் குடிச்சிருக்கிறன். கறித்தூள் பியர் இண்டைக்குத்தான் குடிக்கிறன்."

"தமையனைப் பாரும்" என்று கீர்த்தனன் சிரிக்கப் பார்த்தான்.

"பகிடி இல்லை. மல்லியும் சேர்த்து வறுத்தனீரோ?"

கீர்த்தனன் தன் கிளாசைக் குடித்தான். கருகிய கசப்பு நாக்கின் அடியில் போய் ஒட்டியது. தோடையும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. இராசரத்தினம் கிளாசை யன்னலடியில் வைத்தார். தையல் மெசினைத் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு, "நான் கீழ நிக்கிறன்" என்று படியிறங்கினார்.

யசோதினியும் குடித்துப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. வேலை இடத்தில் பழகியிருக்க வேண்டும்.

"இதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

"அதில இருக்கிறதுதான். கடைசியா, அஞ்சாம் நாள், ட்ரை ஹொப்."

"எப்பிடிப் போட்டனீங்கள்?"

"வறுத்துத்தான்."

"வறுத்தோ?"

"ட்ரை எண்டெல்லோ போட்டிருக்கு. எண்ணெய் விடாமல், வெறுந் தாச்சியில. மணம் வரும்வரைக்கும்."

அவள் கடதாசியை வாங்கி வாசித்தாள். விரலை ஒரு வரியில் வைத்தாள். "அவிக்காமல், வாறபடியே போடச் சொல்லியெல்லோ இருக்கு. ட்ரை எண்டால் அதுதான். வறுக்கச் சொல்லேல்ல."

"மணம் வந்தது" என்றான். "வீடு முழுக்க வந்தது. நாலாம் வீட்டுக்காரன்கூட என்ன சமையல் எண்டு கேட்டவன்."

"மணம் முழுக்க வீட்டுக்கு வந்தால் போத்தலுக்க என்ன இருக்கும்?"

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைக்க அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கையுறை மேசைக்கு வந்தது அவனுக்குப் பெரிய விசயமாக இருந்தது. இப்போது கேட்கலாம் என்று நினைத்தான்.

"ஆரப்பா உங்களுக்கு வறுக்கப் பழக்கினது?" என்று அவள் முந்திக்கொண்டாள்.

"நீர்தான்."

"நானோ? நான் நிக்கேக்க நீங்கள் ஒருநாளும் குசினிப் பக்கம் வந்ததில்லையே."

"படுக்கையில இருந்து பழகினது. சனிக்கிழமையில நீர் தூளுக்கு வறுப்பீர். முதல் மல்லி, பிறகு சீரகம், மிளகு, கடைசியா மிளகாய். மிளகாய் மணம் எழும்பினவுடனே அடுப்பை நிப்பாட்டிப்போட்டு யன்னலைத் திறப்பீர். எனக்கு இருமல் வரக்கூடாதெண்டு."

இதைச் சொன்னபோது அவனுக்குப் பெருமையாக இருந்தது. பார்த்தாயா, எல்லாம் எனக்குத் தெரியும் என்ற பெருமை. அவள் சிரிப்பு நின்றது அவனுக்கு உடனே விளங்கவில்லை.

"நீங்கள் நித்திரை எண்டெல்லோ நினைச்சனான்."

"பகல்ல எங்க நித்திரை வாறது. பாதி நாள் முழிப்புத்தான்."

"ஏழு வருசம் செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு நடந்தனான்."

"தெரியும்."

"பைப்பைத் திறந்தால் சத்தம் கேக்குமெண்டு வாளியில தண்ணி பிடிச்சு வைச்சனான். அக்கா போன் எடுத்தாலும் பாத்ரூமுக்க போய்த்தான் கதைக்கிறது."

"அதுவும் தெரியும்."

"அப்ப ஒருக்கா எழும்பி வந்திருக்கலாமே."

நியாயமான கேள்வி. ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். களைப்பு என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவன் முடிவெடுத்திருந்தான். இப்படிப்பட்டவர்கள் உண்மை சொல்லத் தெரிவு செய்யும் நேரம் எப்போதும் பிழையாகத்தான் இருக்கும்.

"சுகமா இருந்தது" என்றான்.

"எது?"

"நீர் சுவருக்கு அங்கால நிக்கிறதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறது."

தன் வாழ்க்கையில் அவளிடம் சொன்ன மிக அன்பான வார்த்தை அதுதான் என்று அவன் நம்பினான். யசோதினி கிளாசைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நுரை அடங்கிவிட்டது. அடியில் பழுப்பு மண்டி தெரிந்தது.

"உங்களுக்கு அங்கால நான் நிண்டனான்" என்றாள். குரல் உயரவில்லை. "எனக்கு அங்கால ஒருத்தரும் இருக்கேல்ல. ஒரு நித்திரை ஆள். அவ்வளவுதான்."

"இப்ப நான் முழிச்சுத்தானே இருக்கிறன்."

"ஓம். ஜனவரியில இருந்து முழிச்சிருந்தியள். அப்பவும் நான் குசினிக்க நிண்டனான். நீங்கள் சோபாவில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

கீழே வான் ஹோர்ன் அடித்தது. ஒரு தரம், பிறகு இரண்டு தரம். அவள் கையுறையை எடுத்து விரல் விரலாகப் போட்டாள்.

"இன்னொருக்காச் செய்யலாம்" என்றான் கீர்த்தனன். "வறுக்காமல். மூண்டு கிழமைதான் எடுக்கும். நீர் வந்து—"

"நான் இனித் திரும்பி வரமாட்டன். வடிவாச் செய்யுங்கோ. ஆனா எனக்கெண்டு செய்யவேண்டாம்."

அவள் தன் கிளாசைக் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றினாள். தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பைப் முழுச் சத்தத்தோடு ஓடியது. அதை நிறுத்திவிட்டுப் படியிறங்கினாள். அவன் மேற்படியில் நின்றான். சப்பாத்துச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே போனது. இறங்கிப் போய்க் கையைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. பதினாறு படி. அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

"மச்சான், போத்தல் ரெண்டு தாருமன், பெடியளுக்குக் காட்ட" என்று இராசரத்தினம் தெருவிலிருந்து கத்தினார். யசோதினி அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் மறுபடி கத்தவில்லை.

வேலைக்குப் போகும் காலைகளில், உள்ளே ஆள் படுத்திருக்க, அவள் வெளியே நின்று பூட்டிவிட்டுத்தான் போவாள். அவள் கை அதை மறக்கவில்லை. கீழ்க் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து சாவி இரண்டு தரம் திரும்பியது.