விதை எடுத்த துண்டுகள்

என் வீட்டுக்காரர் எபனேசருக்குத் தர்பூசணியைப் பெரிதாக வளர்க்கிற கிறுக்குப் பிடித்து நாலு வருஷமாகிறது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சோழபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் இடம் இருக்கிறது. கொடிக்கு ஒரு பழம்தான் விடுவார், மற்ற பிஞ்சையெல்லாம் கிள்ளி எறிந்துவிடுவார். அந்த ஒன்றுக்கு அடியில் கழிவுப் பஞ்சு மெத்தை, மேலே என் குடை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். தினமும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு ஓடுவேன்.

பழுத்ததும் தெரு முழுக்கக் கொடுப்பார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு துண்டிலும் விதையை எடுத்த பிறகுதான் கொடுப்பார். எடுப்பது அவர் இல்லை, நான். ஊக்கை வைத்து ஒவ்வொன்றாக நோண்ட வேண்டும். "சின்னப் பிள்ளைங்க தொண்டையில சிக்கிரும்" என்பது வெளியே சொல்லுகிற காரணம். உள்ளே அத்தனை விதையும் பாட்டிலுக்குப் போய், பாட்டில் பீரோவுக்குப் போய்ப் பூட்டப்படும். யாராவது ஒரு விதை கேட்டால், "எல்லாம் பொக்கு, முளைக்காது" என்று முகம் மாறாமல் சொல்லுவார். ஞாயிறுதோறும் சபையில் முதல் வரிசையில் உட்காருகிற மனுஷன்.

இந்த வருஷம் பாட்டிலுக்குள் ஈரம் இறங்கி விதையெல்லாம் பூஞ்சை பூத்துவிட்டது. முளைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு வாரத்தில் வாடித் தொங்க, மனுஷன் பாத்தி ஓரத்தில் முழங்கால் போட்டுவிட்டார். "ஆண்டவரே, இது பிழைச்சா இதோட பழம் அறுப்பின் பண்டிகைக்கு" என்று நேர்ந்து பொருத்தனை பண்ணினார். நான் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில்தான் நின்றேன்.

கொடி பிழைத்தது. பழம் முப்பத்தெட்டு கிலோ. பண்டிகைக்கு முந்தின நாள் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார்.

"மனசுக்குள்ள பண்ணுன பொருத்தனைதான?"

"சத்தமாத்தான் பண்ணுனீங்க. நான் சாட்சி."

அறுப்பின் பண்டிகைக்கு வருகிற விளைச்சலை ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவது எங்கள் சபை வழக்கம். தன் பழத்தைத் தானே ஏலத்தில் எடுத்து, விதையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று இவர் திட்டம். முதல் கை இவருடையதுதான். பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருக்கும் தங்கபாய் அக்கா ஏற்றிக் கேட்டார்கள். இவர் அதற்கு மேல் கேட்டார். ஏலம் விடுகிறவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார், இவர் அதற்குள் இன்னொரு தடவை கையைத் தூக்கினார்.

"அண்ணே, இப்ப நிக்கிறதே ஒங்க கேள்விதான். ஒங்கள நீங்களே ஏத்துறீங்க" என்றார் ஏலம் விடுகிறவர்.

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் அக்கா மறுபடி ஏற்றிவிட்டார்கள். இவர் என் கைப்பையைப் பார்த்தார். நான் கோபுரத்து மணியைப் பார்த்தேன்.

பழம் அக்காவுக்குப் போனது. "இங்கயே வெட்டுங்க, எல்லாரும் தின்னுட்டுப் போகட்டும்" என்றார்கள்.

கத்தி இறங்கியபோது இவர் முகத்தில் ரத்தமே இல்லை. அத்தனை துண்டும் விதையோடு கை கையாகப் போனது. இவர் கோயில் சமையல் கட்டுக்கு ஓடி ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்தார். "துப்பிராதீங்க, இதுல போடுங்க" என்று காணிக்கை எடுக்கிற மாதிரி வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு நடந்தார். ஒருத்தரும் வாய்விட்டு மறுக்கவில்லை, கையை மூடிக்கொண்டார்கள். சிலர் பைபிள் உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்கள். "எல்லாம் பொக்குண்ணே" என்றார் ஒருவர், முகம் மாறாமல்.

"ஏலே எபனேசரு, நாலு வருசமா துண்டுதான் தந்த. இனி நாங்களும் வளத்துப் பாக்கோம்" என்றார்கள் தங்கபாய் அக்கா.

சுற்றி முடித்தபோது தட்டில் பதினோரு விதை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கஞ்சத்தனம் என்று அவரைச் சொல்ல மாட்டேன். மில்லை விட்டு வந்த பிறகு, ஊர் அவரைத் தேடி வந்தது இந்தப் பழத்துக்காக மட்டும்தான். எல்லார் வீட்டிலும் காய்த்தால் யார் தேடி வருவார்கள் என்று அவருக்குப் பயம். கடைசியாக என்னிடம் வந்தார்.

"ஏட்டி, ஒன் துண்டுல எம்புட்டு இருந்துச்சு?"

"ஏழு."

"போடு."

"மாட்டேன். நாலு வருசமா நோண்டிக் குடுத்தேனே, எனக்குன்னு ஒரு விதை இருந்துச்சா? அந்த ஆறு சென்ட்ல எனக்கும் ஒரு குழி வேணும்."

என் கைக்குட்டையில் இருந்த விதைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு தட்டில் கிடந்த பதினொன்றைக் கிளறி, கொழுத்ததாக ரெண்டைப் பொறுக்கி என் கைக்குட்டையில் வைத்தார்.

"ஒன்னோடது எல்லாம் சோடை" என்றார். "இத ஊனு."