காளையின் ஐந்தாவது கால்

காளைக்கு ஐந்து கால்கள் இருந்தன. எண்ணுவதில் பிசகிவிட்டோமோ என்று வேதா படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் எண்ணினாள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, வயிற்றுக்கு நடுவே ஒன்று. அந்த நடுக்காலில் முட்டி போல ஒரு புடைப்புகூட இருந்தது. குளம்பு மட்டும் இல்லை.

கிரீட் தீவில் கோர்டின் என்ற நகரம் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அடித்த வெள்ளி நாணயம் அது. ஒரு பக்கம் மரக்கிளையில் அமர்ந்திருக்கும் பெண், மறுபக்கம் காளை. ஐரோப்பாவில் பழங்காசுகளை ஏலம் விடும் ஒரு நிறுவனம், தன் விற்பனைப் பட்டியலுக்கான படங்களை மாதாப்பூரில் வேதா வேலை பார்த்த இந்த அலுவலகத்துக்கு அனுப்பும். இங்கே பின்னணியை வெட்டி, தூசியும் கீறலும் துடைத்து, வெளிச்சத்தைச் சமன் செய்து திருப்பி அனுப்புவார்கள். 2005-இல் ஹைதராபாத்தில் இந்த வேலைக்கும் ஐடி என்றுதான் பெயர்.

பட்டியல் அச்சாகி வந்த பிறகு எங்கோ ஒருவர் காளையின் கால்களை எண்ணிவிட்டார். ஏல நிறுவனம் விளக்கம் கேட்டது. நாணயத்தையே எடுத்துப் பார்க்கலாம் என்றால், அது உரிமையாளரின் வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. ஏலத்தன்றுதான் வெளியே வரும். அசல் படத்தைப் பார்க்கலாம் என்றால், வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்; அழித்தாகிவிட்டது.

மேலாளர் சீதாராமன் உடனே ஒரு முடிவுக்கு வந்தார். படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொரு இடத்தில் பூசும் கருவி ஒன்று உண்டு. கீறலை மறைக்க எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துவார்கள். கை தவறினால் ஒரு காலையே நகலெடுத்து ஒட்டிவிடலாம். அந்தப் படத்தைத் துடைத்தவள் ஸ்டெல்லா. அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

வேதாவுக்கு அது ஒட்டவில்லை. நகலெடுத்த கால் என்றால் அசல் கால் ஒன்று இருக்க வேண்டும். நான்கு கால்களோடும் ஐந்தாவதைப் பொருத்திப் பார்த்தாள். எதனோடும் அது சேரவில்லை. மற்ற கால்கள் வழவழப்பானவை. இதில் மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள் ஓடின.

அடுத்த வரிசையில் முகமது யூசுப் எட்டிப் பார்த்தான். மேலப்பாளையத்துக்காரன், வாய் சும்மா இருக்காது.

“என்னக்கா, காளைக்கு ஆபரேசன் பண்ணப் போறியளா?”

“யூசுப், இதோட மறுபக்கத்தை யார் செஞ்சா?”

“மறுபக்கம்லாம் எங்க வரிசைக்குத்தான வரும். நாந்தான் செஞ்சிருப்பேன்.”

அங்கே வேலை அப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. முன்பக்கப் படங்கள் எல்லாம் ஒரு வரிசைக்கு, பின்பக்கப் படங்கள் எல்லாம் இன்னொரு வரிசைக்கு. ஒரே அமைப்பில் தொடர்ந்து செய்தால் வேகம் கூடும். அதனால் அந்த அலுவலகத்தில் எவரும் எந்த நாணயத்தின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

யூசுப் தன் படத்தைத் திறந்தான். கிளையில் பெண் இருந்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் இலைகளுக்கு நடுவே ஒரு சுருள் தெரிந்தது.

“இது என்ன?”

“முறுக்கு மாதிரி இருக்குல்லா? கீறல்னா நேரா ஓடும். இது வளைஞ்சிருந்திச்சு. சரி, கிளையா இருக்கும்னு விட்டுட்டேன். தப்பாக்கா?”

“இல்ல. நல்லவேளை விட்டே.”

வேதா அந்த ஏல நிறுவனத்தின் பழைய பட்டியல்களை ஓய்வு நேரத்தில் படிப்பவள். அந்தச் சுருளை அவள் பார்த்திருந்தாள். ஆப்பிரிக்கக் கரையில் இருந்த சைரீன் நகரத்துக் காசில், ஆட்டுக்கொம்பு வைத்த ஒரு கடவுளின் தலை இருக்கும். காதோரம் இப்படியே கொம்பு சுருண்டிருக்கும். அந்தக் காசின் மறுபக்கம் ஒரு செடி: வரிவரியான தடித்த தண்டு, இருபுறமும் இலைகள், உச்சியில் பூங்கொத்து. சைரீன் அந்தச் செடியை விற்றே செல்வம் கண்ட ஊர்.

கிரீட்டில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. வணிகத்தாலோ, கூலிப்படைக்குப் போனவர்கள் கொண்டு வந்ததாலோ, வெளியூர்க் காசுதான் அங்கே வந்து சேரும். அதை உருக்கி, வார்த்து, எடை பார்த்துப் புதிதாக அடிப்பது பெரிய வேலை. வந்த காசோ முன்னமே வட்டமாக, எடை பார்த்துச் செய்ததாக இருக்கிறது. ஆகவே அதையே சூடாக்கி, தங்கள் அச்சு இரண்டுக்கும் நடுவே வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போடுவார்கள். பழைய உருவம் நசுங்கிவிடும், புதியது எழும். ஆனால் அடி எல்லா இடத்திலும் ஒரே அழுத்தமாக விழாது. அது இளைத்த இடத்தில் பழையது மிச்சம் நிற்கும். ஒரு பக்கம் கொம்பு மிஞ்சியிருந்தால், மறுபக்கம் செடி மிஞ்சியிருக்கலாம்.

வேதா இரண்டு படங்களையும் அச்செடுத்துக்கொண்டு சீதாராமன் அறைக்கு ஓடினாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“இன்ட்ரஸ்டிங். செடின்னா எலை எங்க வேதா? பூ எங்க? வெறும் குச்சிதானே இருக்கு?”

“நாம துடைச்சிருப்போம் சார். கீறல்னு நெனச்சு.”

சீதாராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த மாதிரி அடிமேல அடிச்ச காசு இன்னும் எத்தனை நம்ம கையில வந்திருக்கும்?”

“தெரியலை சார். கிரீட் காசுல நெறைய உண்டுன்னு பட்டியல்ல போட்டிருக்கான்.”

“எல்லாத்தையும் துடைச்சிருக்கோம்.”

“ஆமா சார்.”

“அப்போ இதை அவங்ககிட்ட சொன்னா, ஒரு பொண்ணு கை தவறி ஒரு கால் ஒட்டிட்டாங்கறது போய், ஒரு கம்பெனியே ரெண்டு வருஷமா அவங்க சரக்கை அழிச்சிண்டிருந்ததுன்னு ஆகும். இல்லையா?”

“ஏலத்தன்னிக்குக் காசு வெளிய வருமே சார்.”

“வரட்டும். அன்னிக்குப் பாத்துக்கலாம். நீங்க நன்னா யோசிக்கறேள், வேதா. அப்ரைசல்ல எழுதறேன்.”

பதில் அன்று மதியமே போனது: ஊழியர் ஒருவரின் கைத்தவறு, அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஸ்டெல்லாவின் விடுவிப்புக் கடிதத்திலும், படத்தில் இல்லாததைச் சேர்த்ததற்காக என்று இருந்தது. அந்த வரியோடு இந்த ஊரில் வேறு எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடாது.

ஞாயிற்றுக்கிழமை வேதா லாலாகூடா ரயில்வே குடியிருப்புக்குப் போனாள். ஸ்டெல்லாவின் அப்பா அங்கே பணிமனையில் ஃபிட்டர். அவள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். கதவைத் திறந்தவள் வழி விடாமல் நின்றாள்.

“கைக்கு வந்தே? ஏன் வந்தே? ஆபீஸ் பேச்சுன்னா எனக்கு நக்கோ டீ, வேணாம்.”

“அந்தக் காலை நீ ஒட்டலைடீ.”

ஸ்டெல்லா சிரித்தாள். அதில் சந்தோஷம் இல்லை.

“மொதல்ல நானும் அதான் சொன்னேன். கத்திக் கத்திச் சொன்னேன். ஹெச்ஆர்ல ஒக்கார வெச்சு, நீதான், நீதான்னு சொல்லச் சொல்ல, ஒருவேளை ஒட்டிட்டேனோன்னு ஆயிடுச்சு. கையெழுத்துகூட போட்டுட்டேன். இப்போ வந்து இல்லேன்றே. எனக்கே தெரியலை போ.”

வேதா வாசலிலேயே படங்களைக் காட்டினாள். கொம்பைக் காட்டினாள். பழைய பட்டியலிலிருந்த சைரீன் காசைக் காட்டினாள். ஸ்டெல்லா செடியையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலை அச்சுப்படத்தில் காளையின் முதுகுக்கு மேலே வைத்தாள்.

“இங்க கோடு கோடா இருந்திச்சு. ரெண்டு பக்கமும் விசிறி மாதிரி. ஹவ், ஆமா, இப்போ ஞாபகம் வருது. துடைக்கவே நேரமாச்சு. சீதாராமன் சார் வந்து பின்னாடி நின்னாரு, என்ன ஒரு காசுக்கு இவ்ளோ நேரம்னு.”

“வயித்துக்குக் கீழ?”

“அது கால் மாதிரி இருந்திச்சு டீ. காலைப் போய் யாராவது துடைப்பாங்களா?” படத்திலிருந்து விரலை எடுத்தாள். “அப்போ நான் ஒட்டினவ இல்ல. அழிச்சவ. அதைச் சொன்னா வேலை திரும்பி வருமா?”



காளைக்கு நான்கு கால்கள்தான். ஐந்தாவது, அடியில் கிடந்த சைரீன் காசின் செடித்தண்டு. முட்டி என்று தெரிந்தது இலை கிளம்பும் கணு. முதுகுக்கு மேலே இருந்த தண்டும் இலைகளும் பூவும் கீறல் என்று துடைக்கப்பட்டன. வயிற்றுக்குக் கீழே இருந்த துண்டு கால் போலத் தெரிந்ததால் விடப்பட்டது. அந்தப் படத்தில் எவரும் எதையும் சேர்க்கவில்லை.