ஐம்பத்து நான்கு லிட்டர்

"உன் மீன் தொட்டி எத்தனை லிட்டர்?" என்று ரென்ஸ்கா கேட்டபோது நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணி. ஹார்லிங்கன் துறைமுகத்தில் மீன் பொதி கட்டும் ஆலை. என் இரவு ஷிப்ட் முடிந்து அவளுடைய பகல் ஷிப்ட் தொடங்கும் நேரம்.

"முந்நூத்தம்பது," என்றேன்.

உண்மையில் ஐம்பத்து நான்கு. கடல் உயிரியல் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தில் பாதியில் விட்டவன் நான். ஆலையில் எல்லோருக்கும் அது தெரியும். ரென்ஸ்கா என்னைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவாள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். அந்தப் புரொபசரிடம் இருப்பது ஒரே ஆள் தூக்கக்கூடிய தொட்டி என்று சொல்ல வாய் வரவில்லை.

அவளிடம் ஒரு கடல் சாமந்தி இருந்தது, பாறையில் ஒட்டிப் பூ மாதிரி விரியும் கடல் உயிர். பதினோரு வருடமாக வளர்க்கிறாள். விரிந்தால் சாப்பாட்டுத் தட்டு அகலம், நுனியெல்லாம் இளஞ்சிவப்பு. புருஷனைப் பிரிந்து மூன்றாம் மாடிக்குக் குடிபோகிறாள். அந்தத் தளம் முந்நூறு லிட்டர் தண்ணீரின் எடையைத் தாங்காது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"முந்நூறுக்குக் கீழேன்னா யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்றாள். "இது நடக்குற ஜந்து. இடம் பிடிக்கலேன்னா கிளம்பிடும்."

"எனக்கே பாடமா?"

"அதானே, புரொபசர். வேணும்னா என் தொட்டியையும் சும்மாவே எடுத்துக்கோ. உன் வீடு கீழ்த்தளம்தானே?"

"ரெண்டு தொட்டிய வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

காரில் கொண்டுவந்து தருகிறேன் என்றாள். வந்தால் பார்த்துவிடுவாள். வேண்டாம் என்று சொல்லி, மூடி போட்ட வாளியில் வாங்கி சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து திரும்பும்போது அவளுடைய பழைய வீட்டு வாசலில், நடைபாதையில், அந்தத் தொட்டி நின்றது. பெரிய சாமான்களை அள்ளும் குப்பை வண்டிக்காக வெளியே வைத்திருந்தாள். கண்ணாடியில் ஒரு சீட்டு: 'யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒழுகாது.' மூன்று நாள் மழையில் நின்றது. மூன்று நாளும் அதைக் கடந்து போனேன். ஒரு தள்ளுவண்டியும் இன்னொரு ஆளும் போதும். அவள் இன்னும் அங்கே சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். முந்நூற்றைம்பது லிட்டர் வைத்திருப்பவன் குப்பையிலிருந்து தொட்டி எடுப்பானா? நான்காம் நாள் நடைபாதையில் கண்ணாடித் தூள் மட்டும் கிடந்தது.

சாமந்தி ஒரு வாரம் அசையாமல் இருந்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. சின்னத் தொட்டியில் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு ஏறும், நான் ஊற்றினால் இறங்கும். எந்த உயிருக்கும் அது பிடிக்காது. படிப்பை விட்டாலும் இதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. ஐம்பத்து நான்கு லிட்டரில் எந்தப் பக்கம் நடந்தாலும் தண்ணீரை இழுத்துச் சுற்றவிடும் மோட்டார் ஒரு சாண் தூரம்தான்.

பதினாறாம் நாள் காலை கதவைத் திறந்ததும் நாற்றம். தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. மோட்டார் அதை இழுத்து அரைத்திருந்தது. என்னுடைய இரண்டு கோமாளி மீன்களும் மேலே மிதந்தன. எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டினேன். மூன்று முறை தண்ணீர் இழுத்துவிட வேண்டியிருந்தது. தொட்டி எங்கள் தெருவைப் பார்த்த சன்னலில் இருந்தது. எங்கள் ஊரில் பகலில் யாரும் திரை போடுவதில்லை; ஆனாலும் காலியாக யாரும் பார்க்கக் கூடாது என்று திரையை இழுத்து மூடினேன்.

"என் சாமந்தி எப்படி இருக்கா?" என்று ரென்ஸ்கா தினமும் காலையில் கேட்டாள்.

"நல்லா இருக்கா."

"சாப்பிடுறாளா?"

"நேத்து ஒரு இறால்."

இப்படி ஐந்து வாரம். இறாலின் அளவைக்கூடச் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் கேட்கவில்லை. ஷிப்ட் குறிப்பேட்டை வாங்கிப் படித்தாள். மூன்றாவது பெல்ட் சிக்குகிறது என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை உன் தெரு வழியா வந்தேன். கேக் வாங்கிட்டு," என்றாள். "எல்லா வீட்டுச் சன்னலும் திறந்து கிடக்கு. உன் வீட்ல மட்டும் திரை."

நான் பையைத் தோளில் மாட்டினேன்.

"மணி அடிச்சேன்."

"கேட்டுச்சு."

பேனாவை மூடினாள். "எத்தனை லிட்டர்?"

"அம்பத்தி நாலு."

சுற்றிலும் பகல் ஷிப்ட்காரர்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"என் தொட்டி மூணு நாள் வெளியே நின்னுச்சே."

"பார்த்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் தலைவலையை மாட்டி, வெளியே வந்த முடியை உள்ளே தள்ளினாள்.

"மூணாவது பெல்ட்டை நான் பார்த்துக்கறேன்," என்றாள். "நீ வீட்டுக்குப் போ, சீப்ரன்."

என் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அதற்குப் பிறகு அவள் என்னைப் புரொபசர் என்று கூப்பிடவே இல்லை.