அந்த ஃபேனை நிறுத்துப்பா

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வியர்வையில் கிடைத்தது. ரத்த அழுத்தத்துக்குத் தியானம் நல்லது என்று டாக்டர் சொல்ல, ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் குருஜியின் பதிவுசெய்த குரல்: "மூச்சை வரவிடுங்க... போகவிடுங்க..." பாதியில் அதே குரல், "அந்த ஃபேனை நிறுத்துப்பா" என்றது. சுவிட்ச் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நிறுத்தினார். யாரும் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

முடிந்ததும் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன். "ஃபேனை எதுக்குங்க நிறுத்தினாங்க?"

"குருஜி சொன்னாருல்ல."

"அது பதிவு பண்ணின ரூம்ல ஓடின ஃபேனுங்க."

"இருக்கலாம்," என்று சிரித்தாள்.

அவள்தான் நாயகி. ஒலித்தொகுப்பு வேலை. ஊரார் பேச்சிலிருக்கும் இருமலையும் செருமலையும் வெட்டி எறிவாள். எடிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். மீதியெல்லாம் அவள் சொன்னது, கொஞ்சம் நான் சேர்த்தது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அவள் கண்களை மூடினாள். உள்ளே ஒரு கடல் அலையடங்கி—"

அடித்துவிட்டேன். அவளுக்குள் கடலுமில்லை, குளமுமில்லை. கழுத்து வலியும், நாளைக்குள் முடிக்கவேண்டிய பல்பொடி விளம்பரமும்தான்.

இரண்டாவது முயற்சி: "அம்மாவோடு அவள் தூக்கமும் போயிற்று." இது தேவலை. அம்மாவின் கட்டிலருகே மாசக்கணக்கில் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அம்மா போனதும் யாரோ அதை நிறுத்தினார்கள். அவள் காதுக்குள் மட்டும் அது நிற்கவேயில்லை. யாரோ சொன்னார்களென்று வீட்டில் குருஜியின் பதிவைப் போட்டாள். அவர் சொன்னதும் எழுந்து ஃபேனை நிறுத்தினாள். காதுக்குள் இரைச்சலும் நின்றது. உட்கார்ந்து அழுதாள், பிறகு தூங்கினாள். அன்றிலிருந்து பக்தை.*

(* குளிர்காலத்திலும் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் உட்காருவாள். "நிறுத்தறதுக்காகவா போடற?" என்பான் கணவன், போர்வைக்குள்ளிருந்து. "ஆமா." "நல்லா இருக்கு உங்க ஞானம்.")

3

[இங்கே கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்துச் சீடன் குருவுக்கு விறகு உடைத்தான், தண்ணீர் சுமந்தான். இந்தக் காலத்து குரு காதுக்குள் இருக்கிறார். பால் பொங்கினால் அவரை நிறுத்திவைக்கலாம். அவசரமென்றால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம், ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். இப்படி ஒரு குரு நம்மிடம் கேட்கும் ஒரே வேலை, எழுந்துபோய் ஒரு சுவிட்சைத் தட்டுவது. அதையும் விட்டுவிட்டால் பக்தி என்று மிச்சம் இருப்பது]

வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. கிடக்கட்டும்.

4

ஒரு நாள், அவள் வேலையைக் கேள்விப்பட்டு, குருஜியே அவளுக்குப் போன் செய்தார். (முதல் வரைவில் இவரைப் போலிச் சாமியாராக்கிப் பார்த்தேன். எழுதுவதும் சுலபம், உங்களுக்கும் பிடித்திருக்கும். மனுஷன் பிடிகொடுக்கவில்லை.)

"அம்மா, பழைய பதிவையெல்லாம் சுத்தம் பண்ணித் தரணும். மொதல்ல அந்த ஃபேனை வெட்டிடு."

"குருஜி, அதுல ஏதோ அர்த்தம் இருக்குன்னுதான் நாங்கல்லாம்..."

"அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்மா. வேற ஒண்ணுமில்ல. அங்கங்க ஜனங்க வேர்த்து ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களாம். கேக்கவே வெக்கமா இருக்கு."

உங்கள் ஜலதோஷம்தான் எனக்குத் தூக்கம் கொடுத்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "சரி குருஜி" என்று வைத்துவிட்டாள்.

வெட்டினால் குரு இன்று சொன்னதைக் கேட்டவள். வெட்டாவிட்டால் அன்று சொன்னதைக் காப்பாற்றியவள். இதில் எது பக்தி என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த இரைச்சல் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

5

முடிவு அ: வெட்டுகிறாள். இரைச்சல் திரும்புகிறது. (என் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது.)

முடிவு ஆ: வெட்டவில்லை. குருஜி கேட்டுவிட்டுப் புன்னகைத்து, "குழந்தாய்—" (சீ, வேண்டாம்.)

நடந்தது இதுதான். மத்தியானம், அவளுடைய வேலை அறை. தலைக்கு மேலே ஃபேன். பின்னால் கணவன் தரையில் படுத்துப் பேப்பர் படிக்கிறான். வெட்டவேண்டிய இடத்தைக் குறித்துவிட்டு, கடைசியாக ஒருமுறை ஓடவிட்டாள்.

"அந்த ஃபேனை நிறுத்துப்பா."

கை மவுஸிலேயே இருந்தது. அவள் எழவில்லை. ஃபேன் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். சுவிட்சருகே கணவன், கையில் பேப்பரோடு. அசடு வழிந்தது.

"பழகிப்போச்சு. வெட்டப் போறியா?"

"தெரியல."

"வெட்டறதுன்னா வெட்டு. எந்த இடம்னு எனக்குத் தெரியும். நான் எழுந்து நிறுத்திடறேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினாள்.

6

இன்று வகுப்பில் புதுப் பதிவு. "வெட்டிட்டீங்களா?" என்று கேட்டேன். "கேட்டுப் பாருங்க," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த இடம் நெருங்குகிறது. குரல் வருமா வராதா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் சீக்கிரம். நான் முன்கூட்டியே வந்து சுவிட்ச் பக்கத்து இடத்தைப் பிடித்துவிட்டேன். நீங்கள் எப்படி எழுதினாலும் சரி, இதோ எழுந்துகொண்டிருக்கிறேன்.