கண்ணாடி வண்டிக்கு ஏசி

மெக்கானிக் பானட்டுக்குள் விட்ட தலையை வெளியே எடுப்பதாக இல்லை. பக்கத்தில் வண்டிக்காரர் வீட்டு மருமகள் அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில் டார்ச் தேவையே இல்லை. சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவளுடைய மாமனார் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இந்த வண்டிக்காகக் காத்திருந்தார்.

"ஏசி கம்ப்ரசர் போயிடுச்சும்மா. குழாயும் அரிச்சுப்போச்சு. ஒட்டுப் போட்டுப் பிரயோஜனமில்ல, மொத்தமா மாத்திடணும்."

"எப்பண்ணே முடியும்?"

"இப்ப சாமானுக்குச் சொன்னா பொழுது சாயறதுக்குள்ள ஓட்டிட்டுப் போயிடலாம்."

பொழுது சாய்வதற்குள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது காலையில். இதயம் ஓய்ந்துவிட்டது, இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, ஆசைப்படுகிறார், இன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், வெயில் மட்டும் ஆகாது என்றார். ஆம்புலன்ஸ் என்றதுமே மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "படுத்துக்கிட்டு என் தெருவுக்குள்ள போக மாட்டேன். நம்ம வண்டியில உக்காந்துதான் போவேன்." பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய மகனான அவள் கணவனோ, நாளெல்லாம் ஆபீஸ் குளிரில் இருப்பவன், "ஏசி வேலை செஞ்சா வண்டி, இல்லேன்னா ஆம்புலன்ஸ்" என்று தீர்ப்பு எழுதிவிட்டான்.

ஏசி அந்த வீட்டில் பழைய சண்டை. மாமனாருக்கு முகம் பார்க்கும் கண்ணாடிகளை ஏற்றிப் போய்க் கொடுக்கும் தொழில். வண்டியின் பின்னால் மரச்சட்டம், அதில் ஆளுயரக் கண்ணாடிகள் நிமிர்ந்து நிற்கும், நடுவே ஆப்புக் கட்டைகள். முட்டி வலி வந்ததிலிருந்து அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பின்னால் வைத்திருந்தார். கிணுகிணுவென்றால் சரக்கு சௌக்கியமாக வருகிறது. டொக்கென்றால் கட்டை தளர்ந்துவிட்டது, உடனே இறங்கி மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ஏசி ரிப்பேரான நாளிலிருந்து ஜன்னலை இறக்கிவிட்டே பழகிவிட்டார். "ஜன்னலை ஏத்திட்டா டொக்கு கேக்காது, கண்ணாடி உடையற சத்தம்தாம்மா கேக்கும்" என்பார். கஞ்சத்தனத்துக்கு நல்ல சப்பைக்கட்டு என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்திருக்கிறார். ஒவ்வொரு கோடையிலும் அவள் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே ஓட்டியதுதான் மிச்சம்.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"இப்ப வேணாம்ணே. மூடிடுங்க. ரெண்டு துண்டு இருந்தா நனைச்சுக் குடுங்க."

ஆஸ்பத்திரியில் இருந்த கணவன் போனில் குதித்தான். "உனக்கென்ன பைத்தியமா? இந்த வெயில்லயா?"

"சாயங்காலம் வரைக்கும் அவர் இருப்பாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"சரி. நான் கீழ கூட்டிட்டு வர்றேன்" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேராக அவரைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். நனைத்த துண்டு ஒன்றைத் தலையிலும் ஒன்றைத் தோளிலும் போட்டாள். அவர் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டார், வழக்கம்போல. கணவன் பைக்கில் பின்னால் வந்தான்.

"பின்னாடி சரக்கு இருக்கா?"

"நேத்து ஏத்தினது மாமா. இறக்க நேரமே இல்ல."

"நல்லது" என்றார். காலியாகப் போவது அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

மரநிழல் உள்ள தெருக்களாகப் பார்த்து மெதுவாக ஓட்டினாள். காற்று சூடாகத்தான் வந்தது. அவர் கண்ணை மூடி அதை முகத்தில் வாங்கிக்கொண்டார். பின்னால் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. பள்ளிக்கூடத்து வேகத்தடை ஏறி இறங்கியதும் அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"எதுக்கும்மா நிறுத்தற?"

"மூணாவது கட்டை கழண்டிருக்கு மாமா. டொக்குன்னுச்சே."

அவர் அவளையே பார்த்தார். "எனக்குக் கேக்கலையே."

அவள் சீட்டுக்கு அடியிலிருந்து மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மூன்றாவது கட்டை தளர்ந்துதான் இருந்தது. அதைத் தட்டி இறுக்கும்போது கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கேட்காமல் விட்ட முதல் சத்தம் அது. பின்னால் பைக்கை நிறுத்திய கணவன் பதறிப்போய்ப் பார்த்தான். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள்.

மறுபடி ஏறி உட்கார்ந்தபோது அவர் முகத்தில் குறும்பு இருந்தது.

"அப்ப ஏசி போட்டுக்கோ."

"என்ன மாமா?"

"ஜன்னலை மூடினாலும் உனக்குக் கேக்கும். எனக்குத்தான் திறந்து வச்சாலும் கேக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கஞ்சன் கஞ்சன்னு எத்தனை திட்டு வாங்கியிருப்பேன்" என்றார்.

"இனிமே திட்டல மாமா."

"திட்டு. திட்டாம இருந்தா வண்டியே ஓடாது."

தெருவுக்குள் உட்கார்ந்தபடியே வந்தார். தையல்காரர் கடையிலிருந்து எட்டிப்பார்த்ததும் இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார். வாசலிலிருந்து கட்டில் வரை மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த மத்தியானம், மகன் அவருடைய பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். பிடித்துவிட்ட கை வெகுநேரம் நிற்கவில்லை. அவள்தான் மெல்ல அதை விலக்கினாள்.

மறுநாள் அடக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்ற வண்டியைச் சுற்றித்தான் நிற்க வேண்டியிருந்தது. சட்டத்தில் நின்ற கண்ணாடிகளில் தலை சரிசெய்துகொண்டவர்களும் உண்டு. பார்த்திருந்தால் அவர் சிரித்திருப்பார். வண்டியை விற்றுவிடலாமே என்று ஒருவர் பேச்செடுத்தார். கணவன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இல்லீங்க, அதுக்கு ஏசி போடப்போறோம்" என்றான். அவளிடம் அதுவரை அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அந்தக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு வந்துதான் வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டாள். வேலை முடிந்ததும் அடுத்த சரக்கை ஏற்றிக்கொண்டு ஒர்க்ஷாப் வழியாகவே வந்தபோது, மெக்கானிக் சாலைக்கே வந்து நின்றுகொண்டார்.

"ஜன்னலை ஏத்திட்டு ஓட்டிப் பாரும்மா. குளிரலேன்னா என்னைக் கேளு."

தன் பக்கத்து ஜன்னலை ஏற்றினாள். எட்டி, அந்தப் பக்கத்து ஜன்னலையும் ஏற்றினாள். மாமனாரின் முழங்கை தேய்த்த இடத்தில் பெயிண்ட் போயிருந்தது, அதுவும் கண்ணாடிக்கு வெளியே போய்விட்டது. ஜில்லென்று காற்று வந்தது. வண்டிக்குள் இவ்வளவு அமைதியை அவள் அறிந்ததே இல்லை. பயமாகவே இருந்தது. முதல் கியரில் நகர்த்தி, பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்து வேகத்தடையில் ஏற்றி இறக்கினாள்.

கொஞ்ச தூரம் போய் வண்டி ஓரமாக நின்றது. மெக்கானிக் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா, ஏசி நின்னுடுச்சா?"

"ஏசி நல்லா இருக்குண்ணே" என்றாள். மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு அவள் அதற்குள் இறங்கிவிட்டிருந்தாள்.