ஆறாம் மேசையில் அத்தை

யனிரிஸுக்குக் கொடுத்த சீருடையில் பைகளே இல்லை. இருந்த இடத்தையும் தைத்து மூடியிருந்தார்கள். சாந்தோ தொமிங்கோவின் கடலோரச் சாலையில் இருந்த அந்தக் கேசினோவில் சீட்டுப் போடுகிறவர்களுக்குப் பை கிடையாது, மோதிரம் கிடையாது, நினைத்த நேரத்தில் முகம் சொறியும் உரிமையும் கிடையாது. மூக்கு அரித்தால் முதலில் மேசைக்கு மேல் இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் கூரைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் மூக்கு. அதுவரை அது பொறுத்துக்கொள்ளுமா என்று யாரும் கேட்டதில்லை.

மூன்று மாதம் தற்காலிக வேலை. அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரம் ஆனால் மருத்துவக் காப்பீடு வரும். ஐந்து வயது மகளின் மூச்சிரைப்புக்கு நல்ல டாக்டரிடம் காட்டலாம். ஆகாவிட்டால் பழையபடி அரசு ஆஸ்பத்திரி வரிசை. யனிரிஸுக்கு வேறு கனவெல்லாம் இல்லை.

மேற்பார்வையாளர் ஃபவுஸ்தோ, தன் நிழல் முன்னால் விழுந்தால் அது எதற்காக முந்துகிறது என்று யோசிக்கிற மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்:

"சொந்தக்காரங்க யாராச்சும் உன் மேசையில உக்காந்தா, அந்த நிமிஷமே கையைத் தூக்கி என்னைக் கூப்பிடணும். பெத்த தாயா இருந்தாலும் சரி. கூப்பிடலைன்னா கூட்டுன்னுதான் அர்த்தம்."

சொந்தக்காரர்களின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். எதற்கு என்று யனிரிஸ் கேட்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் யார்தான் கேட்பார்கள்?

அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கையில், மதியக் காப்பி நேரத்தில் வில்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவளுக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன்.

"கடைசி வாரத்துல எப்பவும் ஆள் அனுப்பிச் சோதிப்பாங்க, தெரியும்ல? எனக்கு ஒரு பாதிரியாரை அனுப்புனாங்க."

"பாதிரியாரா?"

"அங்கி இல்ல, ஜெபமாலை மட்டும். ஒரு ஆயிரம் பெசோ சில்லை என் கையில திணிச்சு, 'வெச்சுக்க மகனே'ங்கறான்."

"வாங்குனியா?"

"வாங்கியிருந்தா இப்ப உன்கூட உக்காந்து காப்பி குடிப்பனா? தெருவுல பழம்ல வித்துட்டு இருப்பேன்!"

சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் இன்னொரு யோசனை வந்தது. இவனே ஏன் அந்த ஆளாக இருக்கக்கூடாது? மிச்சக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆறாம் மேசையில் அன்று உட்கார்ந்தவர்கள் எல்லாருமே அவளுக்குப் பேய்தான். வெயிலில் தோல் உரிந்த கனடாக்காரர் ஏன் அடிக்கடி தொண்டையைச் செருமுகிறார்? உள்ளூர்த் தடியர் ஏன் தோற்றும் சிரிக்கிறார்? இந்தக் குழப்பத்தில்தான் பெரிய கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் தலைத்துணியுமாக ஒரு பெண் வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்நூறு பெசோ சில்லுகளை முன்னால் அடுக்கினாள்.

அடுக்கிய கையின் மணிக்கட்டில் எண்ணெய் பட்டு வெந்த தழும்பு. போக்கா சிக்கா கடற்கரையில் இருபது வருடமாக மீன் பொரித்து விற்கும் கை. ஒன்பது வயதில் யனிரிஸை அவள் அப்பா விட்டுவிட்டு நியூயார்க் போனபோது வாரியெடுத்து வளர்த்த கை. மெலிதா அத்தை!

எலுமிச்சம்பழத்துக்கே கால்மணி நேரம் பேரம் பேசுகிற அத்தைக்கு இத்தனை சில்லு ஏது? முகத்தை எதற்கு மறைக்க வேண்டும்? போன ஞாயிறு சாப்பிடும்போது அத்தை கேட்டது இப்போது ஞாபகம் வந்தது: "ஏண்டி, நீ நெனச்சா அந்த மேசையில ஒருத்தரை ஜெயிக்க வைக்கலாமா?" அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

சீட்டுகளைப் போட்டாள். அத்தை காதைத் தொட்டாள். சைகையா, அரிப்பா? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. கையைத் தூக்கினால் இரண்டு காவலாளிகள் வந்து இத்தனை பேர் முன்னால் அத்தையை எழுப்பிக் கொண்டுபோவார்கள். தூக்காவிட்டால் மகளின் டாக்டர் போச்சு. ஃபவுஸ்தோ மூன்று மேசை தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதல் ஆட்டம் போனது. இரண்டாவதில் அத்தை ஜெயித்தாள். மூன்றாவதிலும் ஜெயித்தாள். யனிரிஸ் சீட்டில் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை.

நாலாவது ஆட்டத்துக்கு முன் அத்தை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். நிமிர்ந்தாள். முகமும் முகமும் நேருக்கு நேர்.

"ஆசீர்வாதம், அத்தை."

யனிரிஸ் சொல்லவில்லை, நாக்கு சொல்லிவிட்டது. அந்த ஊரில் பெரியவர்களின் முகத்தைப் பார்த்ததும் முதல் பேச்சு அதுதான். பொய் சொல்லப் பழகுவதற்கு முன்பே பிள்ளைகள் இதைச் சொல்லப் பழகிவிடுகிறார்கள்.

"கடவுள் ஆசீர்வதிக்கட்டும்மா," என்றாள் அத்தையும். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

உள்ளூர்த் தடியர் குலுங்கிச் சிரித்தார். "அடேயப்பா, குடும்ப விருந்தா இது? நடுவுல நான் எதுக்கு?"

யனிரிஸ் கையைத் தூக்கினாள். "சார், ஆறாம் மேசை! இவங்க என் அத்தை." ஃபவுஸ்தோ வந்தார். அவள் கைகளைத் தட்டி, கேமராவுக்குத் திருப்பிக் காட்டினாள்.

அலுவலக அறையில் ஃபவுஸ்தோவின் முன்னால் அவள் எழுதிக் கொடுத்த படிவம் கிடந்தது. மெலிதா என்ற பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அத்தை மூலை நாற்காலியில் கண்ணாடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இவங்கள வரச்சொன்னதே நான்தான். சில்லும் எங்களுது," என்றார் ஃபவுஸ்தோ. "புதுசா வர்ற எல்லாருக்கும் இந்தப் படிவத்துலேர்ந்துதான் ஆள் எடுப்போம். மூணு ஆட்டம் சும்மா இருந்தியே, ஏன்?"

"அவங்களை எல்லார் முன்னாடியும் எழுப்பிக் கூட்டிட்டுப் போவீங்கன்னு பயந்தேன் சார்."

"ம். வில்கின் அவன் சொந்தத் தம்பிய முதல் சீட்டுலயே காட்டிக் கொடுத்தான்."

அப்படியானால் பாதிரியார் கதை? பாவம், வெட்கத்தில் கட்டிய கதை.

ஃபவுஸ்தோ பேனாவை எடுத்தார். "கேமராவுல பாத்துட்டேன், உன் கை சுத்தம். லேட்டானாலும் நீயாத்தான் கூப்பிட்டே. அடுத்த தடவை முதல் சீட்டுலயே கூப்பிடு." கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரம்.

பேருந்து நிறுத்தத்தில் அத்தை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியா, கெடச்சிருச்சு! உன்னைப் பத்தி நல்லவிதமா எழுதலாம்னு சொல்லித்தாண்டி கூப்பிட்டாங்க."

"நான் சீட்டை மாத்திப் போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சீ! நீ போடமாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்கு வந்தீங்க?"

அத்தை பேருந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டாள். யனிரிஸ் மட்டும் யோக்கியமா? வளர்த்தவளைத் திருடி என்றல்லவா மூன்று ஆட்டம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. அத்தை திரும்பி, 'ஆசீர்வாதம், அத்தை' என்ற வழக்கமான வார்த்தைக்காக முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தை வந்தது, ஆனால் ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடியில் யனிரிஸின் கண்கள் அத்தையின் முகத்துக்குப் போகவில்லை, கைகளுக்குப் போயின. அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

எண்ணெய்க் கைகளை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். ஒருமுறை தட்டினாள். உள்ளங்கையைக் காட்டினாள், புறங்கையைக் காட்டினாள்.

"சரியாடி?" என்றாள், சிரிக்கப் பார்த்துக்கொண்டே.

யனிரிஸால் சிரிக்க முடியவில்லை.